வெளிச்சம் பார்க்கப் போன மூன்று ராத்திரி

காரைக்குடியில் லைட் செட்டிங் கடை வைத்து முப்பத்து நாலு வருஷம் ஆகிறது. எனக்கு முன்னால் அப்பா இதே கடையில் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டார். நகரத்தார் வீட்டுக் கல்யாணம் என்றால் முகப்புக்கு எட்டு விளக்கு, வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு, பன்னிரண்டு, பந்திக்கு ஆறு என்று சிட்டையில் எழுதி வைத்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேண்டில் (தீச் சூட்டில் வெள்ளையாக ஒளிரும் வலைத்துணி) கட்டுவது, ஸ்பிரிட் ஊற்றிச் சூடு காட்டுவது, பம்ப் அடிப்பது எல்லாம் என் வேலை. அந்தப் பழக்கத்தில் எந்தக் கச்சேரிக்குப் போனாலும் என் கண் முதலில் விளக்கைத்தான் தேடும்.

இந்தக் காலப் பயணத்துக்குப் பணம் கட்டியதும் அதனால்தான். 'பழைய பாரிஸ் பாலே, மூன்று ராத்திரி' என்று போட்டிருந்தார்கள். பாலே எனக்குப் பழக்கமில்லை. ஆனால் கேஸ் விளக்கு மேடைக்கு வந்த புதிதில் அதை வைத்து என்னென்ன செய்தார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது பல நாள் ஆசை. துணைக்கு என் அக்கா மகள் வந்தாள். சின்ன வயதிலிருந்து பரதம் கற்றவள், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். கால் வேலையைப் பற்றி அவள் எனக்குச் சொன்னாள், விளக்கைப் பற்றி நான் அவளுக்குச் சொன்னேன். ஆகவே கீழே எழுதியிருப்பது இரண்டு பேருடைய அபிப்பிராயம்.

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் நடத்துகிறார்கள். வீட்டுக்கார ஆச்சிக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். வளவைத் தாண்டி இரண்டாம் கட்டில், ஒரு காலத்தில் வெள்ளிப் பாத்திரம் வைத்திருந்த அறைதான் புறப்படும் இடம். கதவுக்கு மூன்று சாவி. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ஆச்சியே வந்து திறக்கிறார். உள்ளே ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் காலை வைத்து, மறு பக்கக் கதவைத் தள்ளினால் பாரிசில் லெ பெலெத்தியே தெரு, அந்தக் கால ஓப்பரா அரங்கு இருந்த இடம். தலைசுற்றல், வாந்தி எதுவும் இல்லை. காது மட்டும் கொஞ்சம் அடைக்கும், மலை ஏறும்போது அடைக்குமே, அவ்வளவுதான்.

ஒருவருக்கு மூன்று ராத்திரிக்கும் சேர்த்து 18,500 ரூபாய். உடுப்பு, டிக்கெட், காதில் வைத்துக்கொள்ள மொழிபெயர்ப்புக் கருவி எல்லாம் அதில் அடக்கம். கருவி நன்றாக வேலை செய்தது. உடுப்புதான் சரியில்லை. எனக்குக் கொடுத்த கறுப்புக் கோட்டில் அந்துருண்டை வாசனை மூக்கைத் துளைத்தது. பூட்ஸ் ஒரு அளவு சிறியது. அளவை முன்கூட்டியே கேட்டு வாங்குகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டாமா? அவளுக்குக் கொடுத்த நீளக் கவுனும் தொப்பியும் பரவாயில்லை. யாராவது கேட்டால் பாண்டிச்சேரியிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொல்லச் சொன்னார்கள். அது நல்ல யோசனை. அப்போது பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்ததால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. இடைவேளைக்கு வாழை இலையில் கட்டிய சீப்புச் சீடையும் மணகோலமும் ஆச்சி வீட்டுப் பக்குவம், அதற்கு மட்டும் முழு மதிப்பெண்.

முதல் ராத்திரி 1832 மார்ச் 12. 'லா சில்ஃபீட்' அரங்கேறிய அன்றைக்கே கூட்டிப் போகிறார்கள். தேதியை மாற்றிக் கேட்டுவிடாதீர்கள் என்று வழிகாட்டித் தம்பி முதலிலேயே எச்சரித்தார். அந்த மாதக் கடைசியில் பாரிசில் காலரா தொடங்குகிறது, பல்லாயிரம் பேர் செத்துப்போகிறார்கள். நாங்கள் நடந்து வந்த அதே தெருக்கள். குதிரை வண்டிகளும் சிரித்துக்கொண்டு இறங்கும் பெண்களுமாக இருந்தது. எனக்கு மனசு கனத்தது.

அரங்குக்குள் போனதும் அண்ணாந்து பார்த்தேன். நடுவில் பெரிய சரவிளக்கு. நம் பக்கத்து வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடிக்கு எதிரே தொங்குமே, அந்த ஜாதி, ஆனால் பல மடங்கு. ஆட்டம் தொடங்கினாலும் கூடம் முழு இருட்டாவதில்லை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிறது. எங்களுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

இனி கேஸ் விளக்கு. இந்த அரங்கில் 1822லேயே கேஸ் வந்துவிட்டது. நிலக்கரியைச் சுட்டு எடுத்த வாயு, குழாய் வழியாக வந்து பர்னரில் வெறும் நாக்காக எரிகிறது. மேண்டில் கிடையாது. மேண்டில் 1880களில்தான் வருகிறது, ஆவுர் என்ற ஆஸ்திரியாக்காரர் கண்டுபிடித்தது. ஆகவே நம் பெட்ரோமாக்ஸின் பளீர் வெள்ளையை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். இது மஞ்சள். மூச்சு விடுகிற மஞ்சள். தீயின் நாக்கு ஆடும்போது மேடையில் இருப்பவர் தோளிலும் வெளிச்சம் ஆடும். எல்இடியில் நான் எத்தனை கலர் மாற்றினாலும் இந்த ஆட்டம் வராது.

ஆனால் எண்ணெய் விளக்கில் முடியாத ஒன்று கேஸில் முடிந்தது. குழாயில் திருகு இருக்கிறதல்லவா? திருகைக் குறைத்தால் முழு மேடையும் ஒரே நேரத்தில் மங்கும், கூட்டினால் ஏறும். நான் இன்றைக்கு டிம்மரில் விரலை வைத்துச் செய்கிற அதே வேலை. பிரெஞ்சு நாடக அரங்குகளில் லைட் போர்டுக்கு இன்றும் ஆர்கன் வாத்தியத்தின் பெயர்தான். கேஸ் குழாய்கள் அந்த வாத்தியத்தின் குழல் மாதிரி வரிசையாக நின்றதால் வந்த பெயர். இதை முன்பு படித்திருந்தேன். அன்றைக்கு ஓர இருக்கையில் உட்கார்ந்திருந்ததால், பக்கத் தட்டிக்குப் பின்னால் ஒருவர் திருகைப் பிடித்துக்கொண்டு நிற்பதே தெரிந்தது. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். அப்பா நின்ற மாதிரியே.

கதை சுருக்கமாக. ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணை வீடு. விடிந்தால் கல்யாணம். மாப்பிள்ளை ஜேம்ஸ் அடுப்பங்கரை நாற்காலியில் தூங்குகிறான். அவன் காலடியில் வெள்ளை உடுப்பில் ஒரு காற்றுத் தேவதை. அவள் பின்னாலேயே காட்டுக்குப் போகிறான். சூனியக்காரி கொடுத்த சால்வையை வாங்கி அவளுக்குப் போர்த்துகிறான். இறக்கை உதிர்ந்து அவள் செத்துப்போகிறாள். மோகினி கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. ஒரே வித்தியாசம், நம் கதையில் மோகினி ஆளைக் கொல்லும். இங்கே ஆளின் ஆசை மோகினியைக் கொல்கிறது.

தேவதையாக ஆடியவர் மரி தாக்லியோனி. ஆட்டத்தை அமைத்தவர் அவருடைய அப்பா பிலிப்போ தாக்லியோனி. மகளை நாளுக்கு ஆறு மணி நேரம் சாதகம் செய்ய வைத்தவர் என்று சொல்வார்கள். தாக்லியோனி மேடைக்கு வந்த முதல் நிமிஷத்தில் அக்கா மகள் என் கையைப் பிடித்தாள். "மாமா, சத்தத்தைக் கவனிங்க. கால் கீழ வைக்கிற சத்தமே வரலை."

உண்மை. குதித்து இறங்குகிறார், பலகை மேடை, ஒரு சின்னத் 'தட்' கூட இல்லை. விரல் நுனியில் ஏறி நிற்பது கொஞ்ச நேரம்தான். இப்போதைய பாலேயில் இருப்பது போல உள்ளே கெட்டிப் பெட்டி வைத்த காலணி அந்தக் காலத்தில் கிடையாது. மெல்லிய சாட்டின் செருப்பு, நுனியில் ஊசி நூலால் நெருக்கமாகத் தைத்து விறைப்பு ஏற்றியது, அவ்வளவுதான். மீதி முழுக்க விரலும் கணுக்காலும் தாங்கியது. "நாங்க அரைமண்டியில உக்காந்து பூமியத் தட்டுறோம், இவங்க பூமியே வேணாங்கிறாங்க. ஆனா தொடையில ஏறுற வலி ஒண்ணுதான்" என்றாள். இரண்டாம் அங்கத்தில் காடு. சிசெரி வரைந்த சீன் படுதா. ஒரு டஜன் தேவதைகள் கம்பியில் கட்டி மரங்களுக்கு நடுவே பறந்தார்கள். கம்பி தெரிந்தது. தெரிந்தும் என் உடம்பு சிலிர்த்தது.

தாக்லியோனி ஆடிய அந்த அமைப்பு இன்றைக்கு இல்லை. இப்போது உலகத்தில் அதிகமாக ஆடப்படும் 'லா சில்ஃபீட்' 1836இல் கோபன்ஹேகனில் பூர்னோன்வில் வேறு இசைக்கு அமைத்தது. பாரிஸ் அமைப்பைப் பழைய குறிப்புகளிலிருந்து 1970களில் திரும்பக் கட்டிப் பார்த்தார்கள். மூலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த ஒரு கதவுதான். முதல் ராத்திரி ஒன்றுக்காகவே பணம் கொடுக்கலாம் என்பேன்.

ஒன்று மட்டும் என்னை நிம்மதியாக உட்கார விடவில்லை. மேடை முன்விளிம்பில் வரிசையாகத் தீ. அதற்கு ஒரு முழம் பின்னால் மெல்லிய மஸ்லின் பாவாடைகள், அடுக்கடுக்காக. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு கிராமத்தில் வள்ளி திருமண நாடகம். மேடை ஓரத்தில் தாழக் கட்டியிருந்த எங்கள் விளக்கில் வள்ளி வேடம் போட்டவரின் தாவணி நுனி பட்டுப் பற்றிக்கொண்டது. அப்பா தண்ணீர்க் குடத்தில் நனைத்து வைத்திருந்த சாக்கோடு பாய்ந்து அவரைச் சுற்றி அணைத்தார். கை மட்டும் கொப்பளித்தது. இன்று வரை நான் செட்டிங் போடும் மேடையில், முழுக்க கரண்ட் விளக்கே ஆனாலும், ஓரத்தில் ஒரு நனைத்த சாக்கு இருக்கும்.

தாக்லியோனியைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவருடைய சிஷ்யை ஞாபகம்தான். எம்மா லிவ்ரி. தாக்லியோனி வயதான பிறகு இந்தப் பெண்ணுக்காகவே 1860இல் 'லெ பப்பியோன்' என்று ஒரு ஆட்டம் அமைத்தார். தீயில் இறக்கை கருகும் வண்ணத்துப்பூச்சி கதை. 1862 நவம்பரில், இதே அரங்கில், ஒத்திகையின்போது லிவ்ரியின் பாவாடையில் கேஸ் தீ பற்றியது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்தார், வயது இருபது. துணியில் தீப்பிடிக்காமல் இருக்க அப்போதே மருந்து இருந்தது. அதில் முக்கினால் துணி விறைத்து நிறம் மங்கிவிடும் என்று அவர் மறுத்திருந்தார். லண்டனில் கிளாரா வெப்ஸ்டர் 1844லேயே இப்படிப் போனவர். நாம் கைதட்டுகிற அந்த வெள்ளை, இந்தத் தீக்கு முன்னால் நின்றால்தான் அப்படித் தெரிகிறது. மனிதர்களிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது பயண விதி. விதியை மீறவில்லை. திருகைப் பிடித்து நின்றவரைத் தாண்டும்போது ஓரத்தில் தண்ணீர் வாளி இருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பார்த்தேன். இருந்தது.

இரண்டாம் ராத்திரிக்கு எங்களுக்குச் சொன்னது 1836, ஃபானி எல்ஸ்லர் கையில் காஸ்டனெட் என்ற தாளக் கட்டை வைத்து ஆடிய கச்சூச்சா என்ற ஸ்பானிய ஆட்டம். அக்கா மகள் ரொம்ப ஆவலாக இருந்தாள். எல்ஸ்லர் தரையை விரும்பி ஆடியவர், தாக்லியோனிக்கு நேர் எதிர். ஆனால் கதவு திறந்தது 1838 ஆகஸ்டில். "அண்ணே, இன்னைக்கு வருஷம் மாறித் தொறந்துருச்சு, மன்னிச்சுக்கங்க" என்றார் வழிகாட்டி. முன்னரே தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. ஒரு போன் போட்டிருக்கலாம். எல்ஸ்லருக்காகவே பணம் கட்டி வந்த இன்னொரு தம்பதி கோபித்துக்கொண்டு வளவிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்குப் பாதிப் பணம்தான் திரும்பக் கிடைத்தது. இது நியாயமில்லை.

நாங்கள் போனோம். லெ பெலெத்தியே தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பெருஞ்சாலை ஓரம் வரியெத்தே அரங்கம். அங்கே அன்றைக்கு ஆடியவர்கள் யார் தெரியுமா? நம்மூர்ப் பெண்கள். கடலூர்ப் பக்கம் திருவந்திபுரத்திலிருந்து வந்த தேவதாசிகள். ஐந்து பெண்கள், கூட மூன்று வாத்தியக்காரர்கள். பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஒப்பந்தம் போட்டு பாண்டிச்சேரியிலிருந்து கப்பலில் அழைத்து வந்திருந்தார். மூத்தவர் தில்லை அம்மாள். சின்னவள் ஆறு வயதுக் குழந்தை. நடுவில் அம்மணி, பதினெட்டு வயது இருக்கும். பாரிஸ் பத்திரிகைகள் 'அமனி' என்று எழுதின.

படுதா ஏறியதும் சலங்கைச் சத்தம். முந்தின ராத்திரி கால் சத்தமே இல்லாத ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த காதில் அது விழுந்த விதத்தை எப்படிச் சொல்வது! தாளம் போடுகிறவர் கைத்தாளத்தை ஓங்கித் தட்டினார். அம்மணி காலைத் தரையில் வைத்தார். பலகை பேசியது. என் பக்கத்தில் அவள் அழுதுகொண்டிருந்தாள். "அடவு மாமா" என்று மட்டும் சொன்னாள். பதினைந்து நிமிஷம் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு ஆட்டத்தில், சுழன்று ஆடிக்கொண்டே நீளமான மெல்லிய துணியை மடித்து மடித்துப் புறாக்கள் உட்கார்ந்த பனை மரமாகச் செய்துவிட்டார்கள். கூடம் எழுந்து நின்றது. பாரிசுக்காரர்களுக்குத் தேவதாசி என்ற பெயர் புதிதில்லை. 1830லேயே ஒரு இசை நாடகத்தில் தாக்லியோனி தேவதாசி வேடம் போட்டு ஆடியிருந்தார். வெள்ளை மஸ்லினும் மெல்லிய கால் நுனியுமாக அவர்கள் மனசில் ஒரு தேவதாசி இருந்தாள். இன்றைக்கு மேடையில் நின்றது நிஜம். கறுத்த மேனி, மூக்குத்தி, வெற்றிலைச் சிவப்பு, கண்ணும் கழுத்தும் விரலும் சேர்ந்து பேசுகிற உடம்பு. எங்களுக்கு முன் வரிசையில் இருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பார்த்தவர்களில் தியோஃபில் கோத்தியே என்ற கவிஞரும் ஒருவர். பத்திரிகையில் நாட்டிய விமர்சனம் எழுதியவர். அம்மணியைப் பற்றிப் பக்கம் பக்கமாக மனமுருகி எழுதினார். பார் என்ற சிற்பி அம்மணிக்கு ஒரு சின்ன வெண்கலச் சிலையே செய்தார்.

விளக்கு இந்த ஆட்டத்துக்குப் பொருந்தவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கீழிருந்து அடிக்கிற வெளிச்சம் தாடைக்கு அடியில் விழுந்து, கண்ணுக்கு மேல் நிழல் கட்டிவிட்டது. பரதத்துக்கு அப்போது சதிர் என்றுதான் பெயர், சதிருக்குக் கண்தானே உயிர்! கோயிலில் இரு பக்கமும் தீவட்டி பிடித்தால் முகம் முழுக்க மின்னும். நான் அங்கே இருந்திருந்தால் பக்கத் தட்டி ஓரம் முக உயரத்துக்கு இரண்டு விளக்கு கேட்டிருப்பேன். கடைசியில் அம்மணி கைகூப்பி நின்றபோது அவர் தலையில் பூ இல்லை என்பதை அவள்தான் கவனித்தாள். பாரிசில் மல்லிகைக்கு எங்கே போவது?

மூன்றாம் ராத்திரி 1841 ஜூன் 28, 'ஜிசெல்' அரங்கேற்றம். திரும்பவும் லெ பெலெத்தியே. கதை எழுதிய இரண்டு பேரில் ஒருவர் அதே கோத்தியே. மூன்று வருஷத்துக்கு முன் அம்மணியைப் பார்த்து உருகிய மனுஷன். அவருக்கு முன்னால் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தோம். இசை அதோல்ஃப் அதாம். ஜிசெலாக ஆடிய கார்லோத்தா கிரிசிக்கு அன்றைக்குத்தான் இருபத்திரண்டு வயது முடிகிறது. பிறந்த நாளில் அரங்கேற்றம்.

முதல் அங்கம் ஒரு கிராமம். வேடம் மாறி வந்த பிரபுவை நம்பி ஏமாந்த பெண், நிஜம் தெரிந்து சித்தம் கலங்கிச் செத்துப்போகிறாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பயணம் முழுக்க நான் காத்திருந்தது இரண்டாம் அங்கத்துக்கு. நடுராத்திரி, காட்டுக்குள் கல்லறை, குளம். கல்யாணத்துக்கு முன்னால் செத்துப்போன பெண்கள் வெள்ளை உடுப்பில் எழுந்து வருகிறார்கள். வில்லி என்று அவர்களுக்குப் பெயர். வழியில் மாட்டுகிற ஆணைச் சாகும் வரை ஆட வைப்பார்கள். ஜெர்மன் கவிஞர் ஹைனே எழுதி வைத்ததைப் படித்துத்தான் கோத்தியேக்கு இந்த யோசனை வந்தது.

நம் வீடுகளில் கன்னியாக இறந்த பெண்ணுக்குப் புதுச் சேலை வைத்துக் கும்பிடுவோமே, எனக்கு அதுதான் முன்னால் வந்து நின்றது. எங்கள் வீட்டில் அப்பாவின் தங்கைக்கு வருஷா வருஷம் வைக்கிறோம். அத்தையை நான் பார்த்ததில்லை. கல்லறையிலிருந்து ஜிசெல் எழுந்தபோது, பயம் வர வேண்டிய இடம், எனக்கு வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நில்லேன் என்றிருந்தது.

அந்த நிலா வெளிச்சம் பற்றி மட்டும் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். இந்த மேடையில் கேஸ் நிலா 1831 நவம்பரிலேயே உதித்துவிட்டது. 'ரொபேர் லெ தியாப்ல்' என்ற ஓப்பராவில் செத்த கன்னியாஸ்திரீகள் கல்லறையிலிருந்து எழுந்து ஆடுகிற காட்சி, அதற்குச் சிசெரிதான் சீன். பத்து வருஷத்தில் கை தேறிவிட்டது. திருகைக் குறைத்து, மேலிருந்து வருகிற வெளிச்சத்துக்கு முன்னால் நீலம் கொடுத்து, பாவாடையின் வெள்ளை மட்டும் தனியாக மிதக்கிற மாதிரி செய்தார்கள். கால் தெரியவில்லை, தரை தெரியவில்லை, புகை மாதிரி வெள்ளை மட்டும் வரிசையாக நகர்கிறது. வில்லிகளின் ராணியாக அதெல் துமிலாத்ர் தனியாகக் குறுக்கே கடந்து போனார். என் கழுத்து முடி எழுந்து நின்றது. விடியல் மணி அடித்ததும் திருகு மெல்ல மெல்ல ஏறுகிறது. நீலம் போய் மஞ்சள் வருகிறது. அந்த மஞ்சள் ஏற ஏற ஜிசெல் மங்குகிறாள். கதையை முடித்து வைத்ததே விளக்குதான். முப்பத்து நாலு வருஷமாக நான் செய்கிற வேலைக்கு இவ்வளவு சக்தி உண்டா என்று இருக்கையில் உட்கார்ந்தபடியே இருந்தேன். வழிகாட்டி வந்து தோளைத் தொட்டார்.

பாரிஸ் இந்த ஆட்டத்தை 1868க்குப் பிறகு கைவிட்டுவிட்டது. அன்றைக்கு ஜிசெலின் காதலனாக ஆடிய லூசியன் பெத்திபாவின் தம்பி மரியுஸ் பெத்திபா ரஷ்யாவில் இதைக் காப்பாற்றி வைத்தார். இன்றைக்கு நாம் பார்ப்பதெல்லாம் அந்த வழியில் வந்தது.

கைதட்டலை வைத்து எதையும் எடை போடாதீர்கள். சரவிளக்குக்குக் கீழே ஒரு கூட்டம் கூலிக்குத் தட்டுகிறது. எங்கே தட்டுவது, எவ்வளவு நேரம் தட்டுவது எல்லாம் அவர்கள் தலைவர் கணக்கு.

இப்போது பெரிய புகார். இடைவேளையில் 2,500 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் மேடைக்குப் பின்னால் இருக்கும் நாட்டியக் கூடத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். 'நடனமணிகளுடன் சந்திப்பு' என்று அச்சடித்திருக்கிறார்கள். கட்டினேன். கட்டியிருக்கக் கூடாது. லூயி வெரோன் என்பவர் 1831இல் அந்த அரங்கை நடத்த எடுத்தபோது, வருஷச் சந்தா கட்டிய பணக்கார ஆண்களுக்கு இந்தக் கூடத்தைத் திறந்துவிட்டார். நான் பார்த்தது கறுப்புக் கோட்டுக் கனவான்கள், அவர்களுக்கு நடுவில் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள். சிற்றெலிகள் என்று அந்தப் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். முக்கால்வாசி ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஓரத்தில் அம்மாக்கள் நிற்கிறார்கள், பேசுவது அவர்கள். என்ன பேசுகிறார்கள் என்பது காதுக் கருவியில் தெளிவாகக் கேட்டது. இரண்டு நிமிஷத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு பிள்ளை சுவர்க் கம்பியைப் பிடித்து, கிழிந்த செருப்பு நுனியை நூலால் தைத்துக்கொண்டிருந்தது. அது எங்களைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை.

நம் ஊரில் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிய பெண்களுக்கு என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். அதனால் பாரிசுக்காரனைக் குறை சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட முடியாது. ஆனால் நடத்துகிறவர்கள் இதற்குச் 'சந்திப்பு' என்று பெயர் வைத்துக் காசு வாங்குவது தப்பு. காட்டத்தான் வேண்டுமென்றால் உள்ளதைச் சொல்லிக் காட்டட்டும். அந்தக் காசை வாங்காமல் காட்டட்டும். திரும்பி வந்ததும் ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "எனக்கு இந்த விஷயம் தெரியாது தம்பி, பயலுக போட்ட நோட்டீசு அது" என்றார். அடுத்த வாரம் நோட்டீசில் அந்த வரி எடுபட்டிருந்தது. அதையும் இங்கே எழுதுவதுதான் நியாயம்.

போக நினைப்பவர்களுக்கு: தரைத் தளத்தில் நடு இருக்கை கேட்காதீர்கள். முன்விளக்குச் சூடும் புகையும் அங்கே அதிகம். முதல் மாடியில் இடது ஓரம் கேளுங்கள், திருகுக்காரர் தெரிவார். சொந்த பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள், கவுனுக்கு அடியில் யாரும் பார்ப்பதில்லை, கோட்டுக்காரர்களுக்கும் கறுப்பு பூட்ஸ் என்றால் போதும். ஜூன் மாத ராத்திரிக்குக் கோட்டுக்குள் பனியன் வேண்டாம். எல்ஸ்லருக்காகப் போகிறவர்கள், 1836 கதவு திறக்கிறதா என்று புறப்படும் அன்று காலையிலேயே போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

1838 ராத்திரியை அவர்கள் தவறுதலாகத் திறந்தார்கள். அதை முறைப்படி அட்டவணையில் சேர்த்து, திருவந்திபுரத்துப் பெண்களின் பெயரைத் தமிழில் நோட்டீசில் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பார்க்க வேண்டிய ராத்திரி அது. மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் 'ஜிசெல்' என்பேன், அவள் அம்மணி என்பாள். வீட்டில் இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

திரும்பி வந்த காலை, வளவில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது அவள் ஆச்சியிடம் கேட்டாள், இங்கேயிருந்து ஏதாவது கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுக்கலாமா என்று. விதிப்படி கூடாது. "என்னத்தக் குடுக்கப் போற?" என்றார் ஆச்சி.

"நாலு முழம் மல்லிகை, ஆச்சி."

ஆச்சி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். மாசி மாதத்துக்கு இரண்டு இடம் எழுதி வைத்திருக்கிறோம்.